பறவையை எண்ணும் முன் தண்ணீரை அளப்போம்

ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 1987-ல் தொடங்கிய இந்தப் பணியில் விலங்கியல் முதுகலை மாணவர்களும் பறவை ஆர்வலர்களும் பெருமளவில் கலந்துகொள்கிறார்கள். திருத்தணி வட்டாரத்திலும் அந்த நாள்களில் மாணவர்களை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இருக்கிறோம். திரும்பி வந்து கரும்பலகையில் "கொக்கு 40, நீர்க்காகம் 25" என்று எழுதுகிறோம். அந்த எண்களை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்பதில்தான் பாடம் நின்றுவிடுகிறது.

பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ஒருவர் அதே ஏரிக்கு வந்தால் பறவைகளின் எண்ணிக்கையோடு இன்னொன்றையும் குறித்துக்கொள்வார். ஒவ்வொரு பறவையும் நின்ற இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதே அது.

காரணம் எளிது. பறவையின் காலும் கழுத்தும் அலகும் எவ்வளவு நீளமோ, அவ்வளவு ஆழத்தில்தான் அது இரை தேட முடியும். சிறிய உள்ளான்கள் ஈரச் சேற்றிலும் விரற்கடை அளவு நீரிலும் கொத்தித் தின்பவை. நெடுங்கால் உள்ளான் ஒரு சாணுக்குக் குறைவான நீரில் நடந்து மேயும். புள்ளிமூக்கு வாத்து தலையை நீருக்குள் கவிழ்த்து, வாலை மேலே தூக்கி, கழுத்து எட்டும் வரை தேடும். மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்தபடி நீருக்குள் வைத்துக்கொண்டு நடக்கும். மீன் பட்டதும் அலகு மூடிக்கொள்ளும். இதற்கும் கால் தரையில் ஊன்ற வேண்டும். மூழ்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்கும் முக்குளிப்பானுக்கும்தான் ஆழமான நீர் ஒரு தடையே இல்லை. ஏழாம் வகுப்பு மாணவரிடம் இந்தப் பறவைகளின் படங்களைக் கொடுத்து, யார் எங்கே நிற்பார்கள் என்று கேளுங்கள். தகவமைப்பு என்ற சொல்லைச் சொல்லாமலே அவர் வரிசைப்படுத்திவிடுவார்.

தமிழ்நாட்டில் இத்துறையில் நல்ல முன்னோடி ஆய்வுகள் உண்டு. மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி காட்டுயிரியல் ஆய்வுக்குப் பெயர் பெற்றது. ஆர். நாகராஜன், கே. தியாகேசன் ஆகியோர் பிச்சாவரம் சதுப்பு நிலத்தில் மேற்கொண்ட ஆய்வு 1996-ல் 'ஐபிஸ்' என்னும் பன்னாட்டுப் பறவையியல் இதழில் வெளிவந்தது. அங்குள்ள சேறு, நீர் ஆகியவற்றின் தன்மையோடு நீர்ப்பறவைகளைப் பொருத்திப் பார்த்த ஆய்வு அது. இவ்வகை ஆய்வுகளில் மாணவர்கள் ஒரு குழாயைச் சேற்றில் இறக்கி மண்ணை எடுத்து, சல்லடையில் அலசி, அதில் எத்தனை புழுக்கள், எத்தனை நத்தைகள் என்று எண்ணுவார்கள். ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்தில், மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செல்வார்கள். பறவை ஒன்றுகூட இல்லாத நாளில் பூச்சியம் என்று எழுதுவார்கள். நம் மாணவர்கள் எழுதத் தயங்குவது இந்தப் பூச்சியத்தைத்தான். 'செயல்திட்டம்' என்றாலே எழுதுபொருள் கடையில் படத்தாள் வாங்கி ஒட்டுவது என்று பழக்கிவிட்டோம். அதில் பூச்சியத்துக்கு இடமில்லை.

இனி நம் ஊர் ஏரிக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, தை பிறந்தபின் மெல்ல வற்றத் தொடங்குபவை நம் ஏரிகள். கரையில் நின்று பார்த்தால் ஏரி முழுவதும் ஒரே தண்ணீர்ப் பரப்பாகத் தெரியும். உண்மையில் பழைய ஏரியின் படுகை, கரைக்கட்டுக்கு எதிர்ப்புறத்தில் மிக மெதுவாகச் சரியும். இந்தச் சரிவை எட்டாம், ஒன்பதாம் வகுப்புக் கணக்காக மாற்றலாம். ஒரு மீட்டர் தூரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் தரை சரிகிறது என்று கொள்வோம். நீர்மட்டம் 20 செ.மீ. குறைந்தால் 20 மீட்டர் அகலத்துக்குச் சேறு வெளிப்படும். அத்தகைய கரை 100 மீட்டர் நீளம் இருந்தால் 2,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ அரை ஏக்கர் புதிய மேய்ச்சல் நிலம் பறவைகளுக்குக் கிடைக்கிறது. நீர் வற்ற வற்ற இந்த நிலம் உள்நோக்கி நகரும். பறவைகளும் கூடவே நகரும்.

அதே ஏரியில் சவுடு மண்ணுக்காக இயந்திரம் இறங்கி, ஓரத்தைச் செங்குத்தாக வெட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். நீர்மட்டம் அதே 20 செ.மீ. குறைந்தால் எத்தனை மீட்டர் சேறு வெளிப்படும்? ஒன்றுமில்லை. ஏரியில் தண்ணீர் முன்னைவிட அதிகமாகவே இருக்கலாம். நீர்க்காகங்களும் நிறைய இருக்கலாம். மொத்த எண்ணிக்கையை மட்டும் எழுதினால் பதிவேட்டில் குறையே தெரியாது. உள்ளானும் நாரையும் வராமல் போயிருக்கும்.

தூர் வாருவதை நான் எதிர்க்கவில்லை. குடிநீருக்கும் பாசனத்துக்கும் ஏரி ஆழமாக வேண்டிய இடங்கள் உண்டு. ஒரு பக்கச் சரிவையாவது வெட்டாமல் விடலாம் என்பதே என் கருத்து.

நல்லது என்று எல்லாரும் நம்பும் செயலையும் அளந்து பார்க்க வேண்டும் என்பதற்கு ராஜஸ்தானின் பரத்பூர் சான்று. அங்குள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் எருமைகள் மேய்வதால் பறவைகளுக்குக் கேடு என்று கருதி, 1982-ல் மேய்ச்சலைத் தடை செய்தார்கள். எதிர்த்த கிராம மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வுக் குழு, வி.எஸ். விஜயன் தலைமையில் 1980 முதல் 1990 வரை அந்தப் பூங்காவை ஆராய்ந்தது. எருமைகள் இல்லாத நிலையில் நீரில் வளரும் புல் மண்டி, திறந்த நீர்ப்பரப்பு சுருங்கி, பறவைகளுக்குத்தான் இழப்பு ஏற்பட்டது என்று அக்குழு கண்டது. தடைக்கு முன்பே அளவீடு தொடங்கியிருந்ததால்தான் மாற்றத்தைக் காண முடிந்தது. விஜயன் பின்னர் கோயம்புத்தூர் ஆனைக்கட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் நிறுவன இயக்குநரானார்.

பள்ளியில் செய்வதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: எந்த மாணவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஏரி வறண்டிருக்கும் காலத்திலேயே, ஊராட்சியில் சொல்லிவிட்டு, ஐந்தாறு மூங்கில் கழிகளைச் சரிவின் போக்கில் பத்து மீட்டருக்கு ஒன்றாகப் பெரியவர்கள் துணையோடு நட்டுவிடுங்கள். ஒவ்வொரு கழியிலும் சாணுக்குச் சாண் வண்ணம் மாற்றிப் பூசுங்கள். மழைக்குப் பின் கரையில் நின்றபடியே ஆழத்தைப் படிக்கலாம். இரு வாரத்துக்கு ஒருமுறை, அதே கிழமை, காலை வழிபாட்டுக்கு முன் அரைமணி நேரம் போதும். எந்தக் கழிக்கு அருகே எந்தப் பறவை என்று எழுதினால் அட்டவணை தானே உருவாகும். வெட்டப்பட்ட பள்ளங்கள் உள்ள ஏரியாக இருந்தால் மாணவர்கள் கரைக்கட்டின் மேல் மட்டுமே நிற்கட்டும்.

தொடக்க வகுப்புகளுக்குப் புளியங்கொட்டை விளையாட்டு பொருந்தும். ஒரு பிடி கொட்டையைத் தரையில் இறைத்து, ஐந்து விநாடி காட்டி, துணியால் மூடிவிட்டு எத்தனை என்று கேளுங்கள். பிறகு எண்ணச் சொல்லுங்கள். பத்துப் பத்தாகக் கண்ணால் பிரிக்கக் கற்ற குழந்தை, பறந்து செல்லும் கூட்டத்தையும் ஓரளவு சரியாகக் கணிக்கும். நம் வகுப்பில் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகள் 'கொங்க' என்பார்கள். அந்தப் பெயருக்கும் அட்டவணையில் ஓர் இடம் கொடுங்கள். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. அதன் ஆழமற்ற நீரில் பூநாரைகள் மேய்கின்றன. ஆந்திரத்தின் நேலப்பட்டில் கூடு கட்டும் கூழைக்கடாக்கள் இரைக்குப் பழவேற்காட்டுக்கு வருகின்றன. ஐந்தாம் வகுப்பில் வரைபடத்தை விரித்து மாநில எல்லையைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது.

ஜனவரிக் கணக்கெடுப்பு முடிந்ததும் குடியரசு நாள் கிராம சபை வருகிறது. மாணவர்களின் அட்டவணையை ஒரு தாளில் எழுதி அங்கே வைக்கலாம். இரண்டு மூன்று ஆண்டுத் தொடர்ச்சி இருந்தால்தான் அதற்கு மதிப்பு. கலந்தாய்வில் நமக்கு மாறுதல் வந்துவிட்டால் நோட்டும் காணாமல் போகும். எனவே முதல் நாளே அதற்குப் பள்ளி முத்திரை இட்டு, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, தலைமையாசிரியர் அறை அலமாரியில் வைத்துவிடுங்கள்.