முன்னால் டிஸ்க், பின்னால் பாரம்

அன்புள்ள தம்பிக்கு,

தோட்டத்து ஏலத்தில் எடுத்த சீரிஸ் 3 லேண்ட் ரோவர் பிக்-அப்புக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக் மாட்டிய கதையைத் தம்பி கட்டுரையாக எழுதியிருக்கிறார். முன்-பின் சக்கர இடைவெளி 109 அங்குலம் உள்ள நீள வண்டி. படங்கள் பளிச்சென்று இருக்கின்றன: சிவப்புக் காலிப்பர், புது டிஸ்க், புது சர்வோ. கடைசியில் சிரம்பான் நெடுஞ்சாலையில் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, கார் மாதிரி நிற்கிறது என்று முடித்திருக்கிறார். அந்த வரியைப் படித்ததும் வந்த எரிச்சல்தான் இந்தக் கடிதம்.

அது காரில்லை. பாரம் ஏற்றும் வண்டி.

டிரம் எப்படி, டிஸ்க் எப்படி என்று தம்பிக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. கணக்கு மட்டும் பார்க்கட்டும். வண்டி சுமார் ஒன்றரை டன், பின்னால் அரை டன் சாமான். ஜெலுபுவிலிருந்து சிரம்பானுக்கு வரும் புக்கிட் தங்கா மலைச்சாலையில் 100 மீட்டர் உயரம் இறங்கும்போது, கியர் உதவாமல் எல்லாம் பிரேக்கின் தலையில் விழுந்தால், ஏறக்குறைய 20 லட்சம் ஜூல் வெப்பம் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். நான்கு சக்கரத்து பிரேக் இரும்பும் சேர்ந்து 40 கிலோ என்று வைத்தால், அத்தனையும் 100 டிகிரிக்கு மேல் சூடேறும். டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும். மிதி தரை நோக்கிப் போகும். டிஸ்க் விரிந்தால் பேடை நோக்கியே விரியும். ஆகவே முன்னால் டிஸ்க் போட்டது சரியான வேலை. அதில் சண்டை இல்லை.

சண்டை பின்சக்கரத்தில். முன்பக்கத்துக்குப் பக்கம் பக்கமாக எழுதிய தம்பி, பின்பக்கத்துக்கு ஒரு வாக்கியம் கொடுத்திருக்கிறார்: பழைய டிரம்மை அப்படியே விட்டாராம். சர்வோ கூட்டித் தரும் அழுத்தம் முன்சக்கரத்துக்கு மட்டும் போவதில்லை, பின் டிரம்முக்கும் போகிறது. வெறும் வண்டியில் பிரேக் பிடித்தால் எடை முன்னுக்குச் சாய்ந்து பின்பக்கம் லேசாகிவிடும். மழை பெய்த செம்மண் சாலையில் முதலில் இறுகி நிற்பது பின்சக்கரம்தான். வண்டியின் வால் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு வரும். இதற்குப் பயந்து பின்பக்க அழுத்தத்தை ஒரு வால்வு வைத்துக் குறைத்தால், பாரம் ஏற்றிய நாளில் அதே பின்சக்கரம் வேலை செய்யாமல் சும்மா உருளும். பாரம் ஏறினால் பின்சக்கரத்துக்குத்தான் பிடிப்பு கூடுகிறது. அப்போது அங்கே பிரேக் வேண்டும். பழைய டொயோட்டா ஹைலக்ஸின் அடியில் குனிந்து பார்த்தால் பின் ஆக்சிலுக்கும் சேசிசுக்கும் நடுவே ஒரு கம்பியும் வால்வும் இருக்கும். பாரத்தில் ஸ்பிரிங் தாழும்போது அந்தக் கம்பி நகர்ந்து பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். அது எதற்கென்று தெரியாமல் கழற்றி வீசும் பட்டறைகள் உண்டு. பிக்-அப்பில் பிரேக் வேலை செய்கிறவர் அந்த வால்வின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது எரிச்சல் இதைவிடப் பெரியது. சேசிசிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் ஒரிஜினல், இன்னும் நன்றாகவே இருக்கிறது, அதனால் மாற்றவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறார். நாற்பது வருஷத்து ரப்பர்! பால்மரத்தை நம்பி நான்கு தலைமுறை வாழ்ந்த நெகிரி செம்பிலானில் இருந்துகொண்டு ரப்பரை இப்படிக் கேவலப்படுத்தலாமா? வெளியே வெடிப்பில்லை என்றால் உள்ளே நலம் என்று அர்த்தமில்லை. கழற்றிய பழைய ஹோஸ் ஒன்றைப் பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்க்கட்டும். உள்சுவர் ஊறிப் பருத்து, துவாரம் ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். மிதித்தால் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. ஒரு சக்கரம் மட்டும் பிடித்தபடியே ஓடிச் சூடாகும். புதுக் காலிப்பரைக் குறை சொல்லி ஒரு வாரம் போகும். குற்றவாளி அந்தக் கறுப்புக் குழாயாக இருக்கும்.

ரப்பர் பேச்சு எடுத்தால் தம்பியின் ஊரான பகாவைச் சொல்லாமல் முடியாது. பகாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கெடஸ் தோட்டம் ஒரு காலத்தில் டன்லப் தோட்டம். அதே டன்லப்தான் இங்கிலாந்தில் டிஸ்க் பிரேக்கை வளர்த்தெடுத்தது. 1953-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் கார், டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஓட்டி ஜெயித்தது. மற்ற கார்கள் டிரம் சூடாகுமே என்று முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க, ஜாகுவார் வளைவின் வாசல் வரை வேகத்தோடு போனது. நம் தாத்தா பாட்டிகள் விடியற்காலை பெரட்டுக் களத்தில் நின்று, மரம் சீவி, பால் எடுத்துக் கொடுத்த கம்பெனியின் பெயர் அந்தப் பந்தயத்தில் இருந்தது. தம்பியின் டிஸ்க்குக்கும் தம்பியின் ஊருக்கும் இவ்வளவு நெருக்கமான உறவு இருக்கும்போது, கட்டுரையில் அதற்கு ஒரு வரி இடம் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்துத் தோட்டத்து டிரைவர்களுக்கு எஞ்சினியரிங் படிப்பு கிடையாது. ஆனால் பால் தொட்டி பாதி நிறைந்திருக்கும்போது பிரேக் அடித்தால் பால் முன்னுக்குப் பாய்ந்து வண்டியை இன்னொரு முறை தள்ளும் என்று தெரியும். அதனால் இறக்கத்துக்கு முன்னமே கியரைக் குறைத்து, சீக்கிரமாகவும் மெதுவாகவும் மிதிப்பார்கள். காலையில் எஞ்சினைத் தொடும் முன் நான்கு சக்கரத்தின் உள்பக்கத்தையும் விரலால் தடவிப் பார்ப்பார் ஒரு பெரியவர். ஈரம் பட்டால் வீல் சிலிண்டர் கசிகிறது என்று பொருள். அன்றைக்கு வண்டி நகராது, துரையே வந்து கேட்டாலும் நகராது. கப் ரப்பரை மண்ணெண்ணெயில் கழுவிய பையனை அவர் திட்டிய திட்டு லயம் முழுக்கக் கேட்டது. எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் உப்பிப்போகும். சுத்தமான பிரேக் ஆயிலால்தான் கழுவ வேண்டும்.

அந்தப் பெரியவருக்குத் தெரிந்த இன்னொன்றைத் தம்பி எழுதவே இல்லை. 109-இன் முன் டிரம்மில் இரண்டு ஷூவும் முன்னோக்கிய சுழற்சியில்தான் தானாக இறுகும். மேட்டில் எஞ்சின் நின்று வண்டி பின்னுக்கு உருண்டால், அந்த இரண்டும் இறுகும் குணத்தை இழந்துவிடும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பாதிப் பிடிதான். பாரத்தோடு மேடேறிய எத்தனை லேண்ட் ரோவர் இப்படிப் பின்னால் வழுக்கியிருக்கிறது! டிஸ்க்குக்கு முன் பின் என்ற பேதம் இல்லை. தம்பி செய்த வேலையின் முதல் லாபமே இதுதான். அதை விட்டுவிட்டு நெடுஞ்சாலை வேகத்தைப் பற்றி எழுதினார்.

ஹேண்ட் பிரேக்கை நம்பலாம் என்று நினைக்க வேண்டாம். லேண்ட் ரோவரில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர்பாக்ஸின் பின்னால் சுழலும் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின் ஆக்சிலில் ஒரு பக்கத்து ஹாஃப் ஷாஃப்ட் முறிந்தால், ஹேண்ட் பிரேக் இறுக்கி நிறுத்திய வண்டி மேட்டில் தானே உருளும்.

இத்தனைக்கும் மேலே ஒற்றைச் சுற்று மாஸ்டர் பம்ப். அதையும் ஒரிஜினல் என்று காப்பாற்றி வைத்திருக்கிறார். முன்னால் இரண்டு ஹோஸ், பின்னால் ஒன்று. மூன்றில் எது வெடித்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போகும். அமெரிக்காவில் 1968 ஜனவரியிலிருந்தே கார்களுக்கு இரட்டைச் சுற்று கட்டாயம். காலிப்பருக்குச் சிவப்பு பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. பம்பின் துளையைத் தேர்ந்தெடுப்பதிலும் நிதானம் வேண்டும். முக்கால் அங்குலத்திலிருந்து எட்டில் ஏழு அங்குலத்துக்கு, அதாவது 3/4-இலிருந்து 7/8-க்குப் போனால் பரப்பு 36 விழுக்காடு கூடும்; மிதிக்கும் பலமும் அவ்வளவு கூட வேண்டியிருக்கும். டிரம்முக்கான பழைய பம்பில் கோட்டில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருந்தால், அது டிஸ்க் பக்கம் இருக்கக் கூடாது; பேட் உரசிக்கொண்டே ஓடும்.

பிரேக் ஆயில் பற்றிச் சுருக்கமாக: டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, 3.7 விழுக்காடு தண்ணீர் கலந்தால் அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு 230, 155. நம் ஊர்க் காற்றில் ஈரம் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. திறந்து வைத்த டின்னைத் திரும்ப உபயோகிக்க வேண்டாம்.

இனி, பாராட்டாமல் விடக்கூடாத ஒன்று. ஏழாவது படத்தில் செம்பு-நிக்கல் பிரேக் பைப்பைத் தம்பி வளைத்திருக்கும் அழகு! வளைவு எங்கும் நசுங்கவில்லை, கிளிப்புகள் ஒரே இடைவெளியில், எக்ஸாஸ்டிலிருந்து விலகி, கல் தெறிக்காத பக்கமாக. முனை இரட்டை மடிப்பு, கீறல் இல்லை. இந்த மாநிலத்தில் பெரிய பட்டறைகளில்கூட இப்படிப் பைப் வேலை காணக் கிடைக்காது. இந்தக் கை இருப்பவருக்கு மற்றதெல்லாம் ஒரு மாத வேலை.

மூன்று ஹோஸும் மாஸ்டர் பம்பும் மாறட்டும். பிறகு பின்னால் அரை டன் மணல் மூட்டை ஏற்றி, மழை விட்ட மாலையில், ஆளில்லாத தோட்டத்து இறக்கத்தில் மெதுவாக ஆரம்பித்துப் பார்க்கட்டும். மூட்டையை இறக்கிவிட்டு அதே இடத்தில் இன்னொரு முறை. எந்தச் சக்கரம் முதலில் இறுகுகிறது என்று வெளியே நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். புஸ்பாகோம் வாகனச் சோதனை நிலையத்தின் உருளைச் சோதனையில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி எண் வரும், இடது வலது வித்தியாசமும் தெரியும். அந்த எண்களோடு அடுத்த கட்டுரை வரட்டும்.

அன்புடன்,
ஒரு பழைய தோட்டத்து மெக்கானிக்