55 பேரின் வட்ஸ்அப்

பாடசாலை பஸ் பிந்தினால் உம்மாவுக்கு ஒரு செய்தி, கட்டாரில் இருக்கும் வாப்பாவுக்கு உம்மும்மாவின் குரல் பதிவு, வகுப்புக் குழுவில் நாளைய நேரசூசி. நம் வீடுகளில் இவற்றையெல்லாம் சுமப்பது வட்ஸ்அப். 2014இல் இந்நிறுவனம் பேஸ்புக்கிற்கு விற்கப்பட்டபோது பாவனையாளர்கள் 45 கோடிப் பேர். வேலை செய்தவர்களோ 55 பேர்தான்!

இதைத் தொடங்கிய ஜான் கூம் 1976இல், அன்று சோவியத் ஒன்றியத்தில் இருந்த உக்ரேனில் பிறந்தவர். யாராவது ஒட்டுக்கேட்பார்கள் என்று அவருடைய பெற்றோர் தொலைபேசியில் அதிகம் பேசமாட்டார்கள். 16 வயதில் தாயுடன் கலிபோர்னியாவுக்கு வந்தார். தாய் பிறர் பிள்ளைகளைப் பராமரித்தார். மகன் பலசரக்குக் கடையில் தரை கூட்டினார். அரசாங்க உணவு முத்திரையில் குடும்பம் ஓடியது. கணினி வலையமைப்பு பற்றிய நூல்களைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, படித்து முடித்ததும் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவாராம்.

பின்னர் யாகூவில் வேலை. அங்கே பிரையன் அக்டன் நண்பரானார். விளம்பரங்களுக்காகவே உழைத்துச் சலித்த இருவரும் 2007இல் விலகினார்கள். 2009இல் அக்டன் டுவிட்டரிலும் பேஸ்புக்கிலும் வேலை கேட்டார். இரண்டுமே மறுத்துவிட்டன.

அதே ஆண்டு பெப்ரவரி 24, தன் பிறந்த நாளில், கூம் வட்ஸ்அப்பைப் பதிவு செய்தார். அப்போது அது செய்தி அனுப்பும் செயலி அல்ல. "வேலையில் இருக்கிறேன்" என்பது போன்ற ஸ்டேட்டஸை நண்பர்களுக்குக் காட்டும், அவ்வளவுதான். அதுவும் அடிக்கடி செயலிழந்தது. கைவிட நினைத்தவரை இன்னும் சில மாதம் பொறுக்கச் சொன்னவர் அக்டன். ஜூனில் அப்பிள் நிறுவனம் ஐபோனுக்குப் புதிய அறிவித்தல் வசதியைத் தந்தது. ஒருவர் ஸ்டேட்டஸை மாற்றியதும் நண்பர்களின் போன்கள் ஒலித்தன. அவர்களும் ஸ்டேட்டஸை மாற்றியே பதில் சொன்னார்கள். வழியைக் காட்டியவர்கள் பாவனையாளர்களே. கூம் அதைக் கவனித்தார்.

இத்தனை சிறிய குழு எப்படிச் சமாளித்தது? எரிக்சன் நிறுவனம் தொலைபேசிப் பரிமாற்ற நிலையங்களுக்காக உருவாக்கிய எர்லாங் என்ற கணினி மொழியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரே நேரத்தில் எண்ணற்ற இணைப்புகளைத் தாங்குவதற்கென்றே பிறந்த மொழி அது. 2012 அளவில் ஒரு சேர்வர் 20 இலட்சம் இணைப்புகளைத் தாங்கியது. பாவனையாளருக்குக் கடவுச்சொல் தேவையில்லை. தொலைபேசி இலக்கமே அடையாளம். விலை குறைந்த நோக்கியா போன்களிலும் செயலி ஓடியது. விளம்பரமே இல்லாததால் அதை விற்கும் ஆட்களும் தேவைப்படவில்லை. முதலாண்டு இலவசம், பின்னர் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு டொலர் என்பதுதான் கணக்கு.

விலை 1,900 கோடி டொலர். ஒரு காலத்தில் உணவு முத்திரைக்காக வரிசையில் நின்ற அலுவலகத்தின் கதவடியில் வைத்துக் கூம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பத்திரிகைகள் இக்கதையை இத்துடன் முடித்துவிடும். எனக்கோ இதற்குப் பிந்திய பகுதிதான் முக்கியமாகப் படுகிறது.

2016 ஏப்ரலில் எல்லாச் செய்திகளுக்கும் முழு மறைகுறியாக்கம் வந்தது. அனுப்பும் போன் பூட்டுகிறது, பெறும் போன் திறக்கிறது. இடையில் நிறுவனத்தாலும் வாசிக்க முடியாது. ஒருவர் நம்பிச் சொன்ன பேச்சு அமானிதம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதன் பெறுமதி விளங்கும். ஆனால் அதே ஆண்டு ஓகஸ்டில், பாவனையாளரின் தொலைபேசி இலக்கத்தைப் பேஸ்புக்குடன் பகிரும் புதிய விதிகள் வந்தன. கடிதம் மூடியே இருந்தது. உறையின் மேலிருந்த விபரம் கைமாறியது. இரு கணக்குகளையும் இணைப்பது பற்றி, வாங்கும்போது பிழையான தகவல் தந்ததற்காக 2017இல் ஐரோப்பிய ஆணைக்குழு பேஸ்புக்கிற்கு 11 கோடி யூரோ தண்டம் விதித்தது.

அக்டன் 2017இல் வெளியேறினார். இன்னும் கைக்கு வராத, ஏறத்தாழ 85 கோடி டொலர் பெறுமதியான பங்குகளை விட்டுவிட்டே போனார். மறு ஆண்டு 5 கோடி டொலர் கொடுத்து, விளம்பரமில்லாத சிக்னல் செயலிக்கான அறக்கட்டளையைத் தொடங்க உதவினார். கூமும் 2018இல் விலகினார்.

வட்ஸ்அப்பில் விளம்பரம் வரும் என்ற அறிவித்தல் 2025 ஜூனில் வெளியானது. தனிப்பட்ட உரையாடல்களுக்குள் அல்ல, ஸ்டேட்டஸ் பகுதியில். 2009இல் கூம் தொடங்கியதும் அந்த ஸ்டேட்டஸிலிருந்துதான்.