தலைக்கு மேலே விரிந்த ஏடு



வியாபாரிகளாகிய நமக்கு ஏடு பார்க்கத் தெரியும். கடை திறந்தது முதல் கதவடைக்கும் வரை பேரேட்டிலும் பற்று ஏட்டிலுமே கண் வைத்திருக்கிறோம். ஆனால் தலைக்கு மேலே விரிந்து கிடக்கும் ஆகாயம் என்னும் ஏட்டை மட்டும் நாம் பார்ப்பதில்லை. இம்மாதப் பாடம் அதைப் பற்றியதே.

சி ரூசாவில் வாழும் நமக்கு இது பெருங்குறை. நம் ஊருக்கு அருகே தெலுக் கெமாங்கில் பிறை பார்க்கும் நிலையம் இருக்கிறது. ஷஃபான் 29-ஆம் நாள் மாலையில் அங்கே தொலைநோக்கியுடன் மேற்கு வானை நோக்கி நிற்கிறார்கள். இக்காலத்தில் கணக்கும் துணைக்கு உண்டு. என்றாலும் கண்ணால் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடவில்லை. அன்று நாமும் கடை வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கிறோம். நூலிழை போன்ற பிறைக்காக வானமெல்லாம் துழாவுகிற நாம், மற்ற மாலைகளில் அதே வானத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. இது நியாயமா?

மேகங்களுக்குப் பெயர் சூட்டியவரும் ஒரு வியாபாரியே என்பதை அறிந்தால் நமக்கு ஆர்வம் பிறக்கும். லண்டன் நகரில் மருந்துச் சரக்கு வியாபாரம் செய்த லூக் ஹோவார்டு என்பவர், 1802 டிசம்பரில் ஒரு சிறு சபையில் மேகங்களைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். சுருள் முடி போன்றது, குவியலாய் நிற்பது, படலமாய் விரிவது, மழை பொழிவது எனப் பிரித்து லத்தீன் மொழியில் பெயரிட்டார். உலக வானிலை அமைப்பு இன்று மேகங்களைப் பத்து வகையாகப் பிரிப்பதற்கு அதுவே அடிப்படை. தொழிலை விட்டுவிட்டு அவர் இதைச் செய்யவில்லை. தொழிலுக்கிடையே ஆகாயத்தைப் பார்த்தார்; அவ்வளவுதான்.

இனி எடை போட்டுப் பார்ப்போம். பஞ்சுப் பொதி போல் மிதக்கும் வெண்மேகம் ஒன்று, நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 500 டன் தண்ணீர் இருக்கும். ஐம்பது கிலோ அரிசி மூட்டையாகக் கணக்கிட்டால் பத்தாயிரம் மூட்டை! அத்தனை பாரமும் எப்படி விழாமல் நிற்கிறது? அது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகப் பிரிந்திருக்கிறது. கீழிருந்து எழும் வெப்பக் காற்று அத்துளிகளைத் தாங்குகிறது. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்தால்தான் மழையாக இறங்கும்.

ஆனால் அழகைப் பார்க்கிறவர் அருகிலுள்ளவரையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரையுள்ள மாதங்களில் 'சுமத்ரா' என்னும் காற்றுமழை நம் கரைக்கு வருவதுண்டு. இரவில் கடலுக்கு அப்பால் திரளும் மேகங்கள் மலாக்கா நீரிணையைக் கடந்து, பெரும்பாலும் விடியலுக்குச் சற்று முன்னோ காலையிலோ வந்து சேரும். கரிய வளைவு போல் கடல் மேல் அது எழுவது கம்பீரமான காட்சி. பால்மரம் சீவும் வேளையும் அதுவே. பட்டை நனைந்தால் சீவ முடியாது. மங்கில் சேர்ந்த பாலும் மழையில் வீணாகிவிடும்.

ரப்பர் தோட்டக் காலத்தில் நம் கடைகளில் நடந்ததை மறைப்பானேன்? மழை மாதங்களில் தோட்டத்துக் குடும்பங்களின் பற்று ஏறியதும் முகம் சுளித்தோம். "வேலைக்குப் போகச் சோம்பல்" என்று சொன்னவர்களும் நம்மில் உண்டு. விடியலில் ஒருமுறை கடற்பக்கம் திரும்பிப் பார்த்திருந்தால், அவர்களின் அன்றைய கூலி எங்கே போயிற்று என்று நமக்கே விளங்கியிருக்கும். வானத்தைப் பாராத கண், மனிதரையும் சரியாகப் பார்க்கவில்லை. இன்று பால்மரம் நின்ற பல இடங்களில் செம்பனை நிற்கிறது. மழையை நம்பியும் மழைக்கு அஞ்சியும் பிழைப்போர் இன்றும் நம் வாடிக்கைக்காரர்களே.

ஆகவே இம்மாதம் மூன்று காரியங்கள் செய்து பார்ப்போம்.

1. சுப்ஹு தொழுது திரும்புகையில் கடற்பக்கம் ஒரு நிமிடம் நோக்குவோம். மேகம் கறுத்திருந்தால், அன்று யாருடைய பிழைப்பு தடைப்படும் என்று நினைத்துப் பார்ப்போம்.

2. நண்பகலுக்குப் பின் தரைப்பக்கம் குவியல் மேகம் வளர்வதைக் கவனிப்போம். நிலம் சூடேற ஏற அது உயரும்.

3. மஃரிபுக்குச் சற்று முன் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வோம். வானம் ஏன் சிவக்கிறது என்று கேட்பார்கள். சாய்ந்த வெயில் காற்றில் நெடுந்தூரம் கடந்து வருகிறது. வழியில் நீல ஒளி சிதறிப் போகச் சிவப்பு மிஞ்சுகிறது என்று சொல்லிக் கொடுப்போம்.

இதற்கு முதல் வேண்டாம், நஷ்டமும் இல்லை. அடுத்த ரமலான் பிறைக்காக அண்ணாந்து பார்க்கும்போது, அந்த வானம் நமக்கு முன்பே பழகிய வானமாக இருக்கட்டும்.