மின் சிகரெட்டுத் தடை: வேலி மட்டும் போதுமா?

முன்னுரை

புகைப்பது தீது என்பதை நாம் அனைவரும் அறிவோம். பேருந்து நிலையச் சுவர்களிலும் திரைப்படம் தொடங்குமுன் வெண்திரையிலும் அந்த எச்சரிக்கையைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் நம் பகைவன் வேறு உடை உடுத்தி, மாம்பழ மணம் பூசிக்கொண்டு, பேனாவைப் போல் நம் வீட்டு மேசைக்கே வந்துவிட்டால் என்ன செய்வது? அப்படி வந்ததை நான் நேரில் கண்டேன். அதனால்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நான் கண்ட நிகழ்ச்சி

சென்ற கோடை விடுமுறையில் ஸ்ரீரங்கத்தில் உள்ள உறவினர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அங்கே இரண்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி, ஊதா நிறக் குழல் ஒன்றை எடுத்து வந்து, "அக்கா, இந்த ஸ்கெட்ச் பேனா எழுதவே மாட்டேங்குது" என்றாள். பிறகு அதை வாயில் வைத்து ஊதினாள். குழலின் நுனியில் விளக்கு எரிந்தது. நான் பதறிப்போய் அதைப் பிடுங்கினேன்.

அது ஒருமுறை பயன்படுத்தி எறியும் மின் சிகரெட். எனக்கு அண்ணன் முறையாகும் ஒருவர் நண்பரிடமிருந்து வாங்கி வைத்திருந்தார். விஷயம் வெளியானதும் அவர் முகம் வெளுத்தது. "அம்மாவிடம் சொல்லாதே. ஆற்றில் போட்டுவிடுகிறேன்" என்று கூறி, அம்மா மண்டபம் படித்துறைக்கே நடந்துவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன். காவிரியைப் பார்த்தபடி அவர் கையை ஓங்கியபோது, "அண்ணா, உள்ளே பேட்டரி இருக்கிறது, போடாதீர்கள்!" என்று தடுத்தேன்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சட்டம் தடுத்த பொருள் எங்கள் வீட்டிற்குள் எப்படி வந்தது? வந்ததை எங்கே போடுவது? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் கரு.

குழலுக்குள் இருப்பது என்ன?

நம் திருச்சிராப்பள்ளிக்கும் புகையிலைக்கும் பழைய உறவு உண்டு. உறையூர்ச் சுருட்டு கடல் கடந்து இங்கிலாந்து வரை சென்றது. 1887-ஆம் ஆண்டு வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் ஒரு தடயமாக வருகிறது. சுருட்டில் ஒரு நேர்மை இருந்தது எனலாம். தாத்தா புகைத்தால் தெருமுனை வரை நாறும். மின் சிகரெட்டோ புதினா மணத்திலும் பழ மணத்திலும் தன்னை மறைத்துக்கொள்கிறது. பெற்றோரின் மூக்கையே ஏமாற்றிவிடுகிறது.

இக்கருவியில் ஒரு சிறிய மின்கலம், சூடேறும் கம்பிச்சுருள், நறுமணம் கலந்த திரவம் ஆகியவை உள்ளன. திரவத்தில் பெரும்பாலும் நிகோடின் உண்டு. புகையிலையில் இருந்துகொண்டு மனிதரை அடிமையாக்கும் பொருள் அதுவேயாகும். மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டிருப்பதால், நம் வயதினர் பெரியவர்களைவிட எளிதில் இதற்கு அடிமையாகின்றனர். கவனமும் நினைவாற்றலும் பாதிக்கப்படுகின்றன.

சட்டம் கூறுவது

தமிழ்நாடு அரசு 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் மின் சிகரெட்டுகளைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு, 2019 செப்டம்பர் 18 அன்று, மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. இதன்படி மின் சிகரெட்டைச் செய்தல், இறக்குமதி செய்தல், விற்றல், விளம்பரம் செய்தல் அனைத்தும் குற்றம். முதன்முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. மீண்டும் செய்தால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படும். இருப்பு வைப்பதற்கும் தண்டனை உண்டு.

மற்ற நாடுகளும் விழித்துக்கொண்டன. ஆஸ்திரேலியா 2024 ஜனவரி முதல் எறியும் வகைக் கருவிகளின் இறக்குமதியைத் தடுத்தது. பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் அவ்வகையின் விற்பனையைத் தடை செய்தது. ஆனால் அங்கே மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் வகை இன்னும் விற்கப்படுகிறது. நம் நாட்டுத் தடை எல்லா வகைகளுக்கும் பொருந்தும்.

மறுப்போர் கூறுவது

எந்த வழக்கிலும் மறுதரப்பைக் கேட்பதே முறை. "புகையும் சாம்பலும் தரும் சிகரெட்டைப் பெட்டிக்கடையில் விற்கவிட்டு, அதைவிடத் தீமை குறைந்ததைத் தடுப்பது நியாயமா?" என்று சிலர் கேட்கின்றனர். பிரிட்டனில் வயது வந்தோர் சிகரெட்டை விடுவதற்கு மருத்துவத் துறையே மின் சிகரெட்டைப் பரிந்துரைக்கிறது. இந்த வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. 2016-17-இல் நடந்த கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தோரில் 28.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர்.

ஆயினும் என் எண்ணம் வேறு. சிகரெட்டை விட விரும்பும் பெரியவருக்கு அது மருந்தாகலாம். இதுவரை புகையிலையைத் தொடாத சிறுமிக்கு அதுவே முதல் படியாகிவிடும். வண்ணமும் பழமணமும் யாரை அழைக்கின்றன? அறுபது வயதுத் தாத்தாவையா? எங்கள் வீட்டுச் சிறுமி அதை ஸ்கெட்ச் பேனா என்று நினைத்ததே இதற்குப் போதிய விடை. எனவே தடை தேவையே.

மண்ணும் நீரும்

இக்கருவியின் மின்கலம் லித்தியம் வகையைச் சேர்ந்தது. கைபேசியில் உள்ளதைப் போன்று மீண்டும் மின்னேற்றத் தக்கது அது. அத்தகைய அரிய பொருளைச் சில நாள் ஊதிவிட்டு எறிகின்றனர். பிரிட்டனில் 2023-இல் ஒவ்வொரு வாரமும் ஏறத்தாழ 50 லட்சம் கருவிகள் இவ்வாறு எறியப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. குப்பை வண்டியில் நசுங்கினால் இம்மின்கலம் தீப்பிடிக்கும். நம் அரியமங்கலம் குப்பைக்கிடங்கில் மூண்ட தீயின் புகையை நேரில் கண்டவர்களுக்கு அந்த ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. நீரில் எறிந்தாலோ உலோகங்களும் எஞ்சிய நிகோடினும் கசியும். நம் நகரம் குடிப்பது காவிரி, கொள்ளிடம் ஆற்றுப் படுகைகளில் உள்ள கிணறுகளின் நீரைத்தான். படித்துறையில் எறிவது நம் குடத்திலேயே எறிவதற்கு ஒப்பாகும்.

இங்கேதான் தடையில் ஓர் ஓட்டை இருப்பதை நான் உணர்ந்தேன். 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகளின்படி, மின்கலத்தை விற்பனைக்கு விட்ட நிறுவனமே பழையதைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும். திருட்டுத்தனமாக வந்த பொருளுக்கு அத்தகைய நிறுவனம் ஏது? வைத்திருப்பவர் பயத்தினால் சாக்கடையிலோ ஆற்றிலோ எறிகிறார். தடையினால் வரும் பொருள் குறைகிறது. ஆனால் வந்துவிட்ட ஒவ்வொன்றும் அநாதைக் குப்பையாகிறது.

நாம் செய்யத் தக்கவை

முதலாவது, விற்பவரைப் பிடித்தல். தடைக்குப் பின்னும் விற்பனை தொடர்வதைக் கண்ட மத்திய சுகாதார அமைச்சகம், 2023-இல் புகார் செய்வதற்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. பள்ளிகளின் அருகே விற்பனை நடந்தால் பெற்றோர் தயங்காது தெரிவிக்க வேண்டும்.

இரண்டாவது, அச்சமின்றி ஒப்படைக்க ஓர் இடம். பழைய மின்கலங்களுக்கான பெட்டி ஒன்றைப் பள்ளிதோறும் வைக்கலாம். "யாருடையது?" என்று கேட்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, வீட்டில் பேசுதல். 2019 முதல் கடைகளில் நெகிழிப் பைக்குத் தடை இருந்தும், காந்தி மார்க்கெட்டில் இன்றும் அப்பைகள் தென்படுகின்றன. என் பாட்டியிடமோ யாராலும் நெகிழிப் பையைக் கொடுத்துவிட முடியாது. அவர் கையில் எப்போதும் மஞ்சள் பை இருக்கும். சட்டத்தால் முழுதும் இயலாததைப் பழக்கம் செய்து முடிக்கிறது.

முடிவுரை

விடுமுறை முடிந்ததும் எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் நடந்ததைக் கூறினேன். "நீரிலும் போடக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் தனியே வைத்து, மின்னணுக் கழிவு வாங்குவோரிடம் சேர்க்கச் சொல்" என்றார். அண்ணனிடம் தெரிவித்தேன். "நீங்களே அத்தையிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் கோள், நீங்கள் சொன்னால் உண்மை" என்றும் கூறினேன். மூன்று நாள் கழித்து அவரே சொல்லிவிட்டார். அத்தை அடிக்கவில்லை, நெடுநேரம் அழுதார்கள். பிறகு இருவரும் சேர்ந்து சென்று அந்தக் குழலை ஒப்படைத்தார்கள். இதை எழுதுவதற்கு அண்ணனே எனக்கு இசைவு அளித்தார்.

தோழியரே! தும்பை விட்டு வாலைப் பிடிப்பதில் பயனில்லை. அந்தத் தும்பை நம் கையில் கொடுத்திருக்கிறது சட்டம். வேலி போட்டாயிற்று. இனி வேலியில் ஓட்டை விழாமல் பார்ப்பதும், உள்ளே வளரும் பயிருக்கு அன்போடு நீர் வார்ப்பதும் நம் கடமை. அதைச் செய்தால் நம் தம்பி தங்கையரின் மூச்சும் நம் காவிரியின் நீரும் தூய்மையாய் இருக்கும்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி