என்பிடெல் பாடத்தில் சேரும் மாணவர்களுக்கு

துறையில் சொன்னார்கள் என்பதற்காக என்பிடெல் (NPTEL) இணையவழிப் பாடத்தில் பெயர் கொடுத்துவிட்டு, இரண்டாம் வாரமே விட்டுவிடும் பிள்ளைகளை ஒவ்வொரு செமஸ்டரிலும் பார்க்கிறேன். ஐஐடி பேராசிரியர்களின் வகுப்பு காசில்லாமல் கைப்பேசிக்கே வருகிறது. அதை வீணாக்கக் கூடாது என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

• முதல் இரண்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். நண்பன் எடுத்தான் என்று எடுக்காதீர்கள்.

• கிரெடிட் கிடைக்குமா என்று துறையில் முன்பே கேளுங்கள். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை, என்பிடெல் பாடங்கள் நடக்கும் ஸ்வயம் தளத்தில் படிக்க யுஜிசியின் 2021 விதிமுறை இடம் தருகிறது. ஆனாலும் உங்கள் பல்கலைக்கழகம் ஏற்கும் பாடமாக இருக்க வேண்டும்.

• தமிழ் வழியில் படித்து வந்தவர்கள், ஆங்கிலம் ஓடுகிறதே என்று ஒதுங்க வேண்டாம். வீடியோ வேகத்தை 0.75 ஆகக் குறையுங்கள். சப்டைட்டில் போட்டுப் பாருங்கள். பல பாடங்களுக்குத் தமிழாக்கமும் என்பிடெல் தளத்திலேயே உண்டு. நிறுத்தி நிறுத்திக் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை. வகுப்பறையில் கிடைக்காத வசதி அது.

• நோட்டில் கையால் எழுதுங்கள்.

செய்யக்கூடாதவை

• வாட்ஸ்ஆப் குரூப்பில் வரும் விடையை அப்படியே அசைன்மென்டில் போடாதீர்கள். சாட்ஜிபிடியிடம் வாங்கிப் போடுவதும் இதேதான். அசைன்மென்டுக்கு 25 மதிப்பெண், தேர்வு மையத்தில் கண்காணிப்பாளர் முன் எழுதும் தேர்வுக்கு 75. தேர்வில் 30 எடுக்காவிட்டால் சான்றிதழ் இல்லை. அசைன்மென்டில் 24 வாங்கி, தேர்வில் 20-ஐக்கூடத் தொடாமல் என்னிடம் வந்து அழுத பிள்ளைகள் உண்டு. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்டுகளைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். தவறு செய்து கற்க அங்கேயே இடம் விட்டிருக்கும்போது காப்பி எதற்கு?

• பாடத்தில் சேர்ந்ததோடு இருந்துவிடாதீர்கள். தேர்வுக்குக் கட்டணம் கட்டித் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்டு ஒரு செமஸ்டர் உழைப்பை இழந்தவர்கள் அதிகம்.

• டேட்டா இல்லை, வீட்டில் எல்லோருக்கும் ஒரே போன்தான் என்பதை மறைத்துக்கொண்டு பின்தங்காதீர்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

கல்லூரி நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாலை 5 மணிக்குப் பூட்டும் கணினி ஆய்வகத்தை இந்தப் பிள்ளைகளுக்காக இரவு 8 வரை திறந்து வையுங்கள்.