கப்பலேறும் பிள்ளைக்குப் பத்து நாள் கணக்கு



எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வலையை விட்டுவிட்டுக் கப்பல் வேலைக்குப் போகிறார்கள். வெல்டராகவும் ஃபிட்டராகவும் வெளிநாடு போகிறவர்களும் உண்டு. பிள்ளை புறப்படும்போது துணிமணி எடுத்து வைக்கிறோம், ஊறுகாய் கட்டிக் கொடுக்கிறோம், கோயிலில் அர்ச்சனை செய்கிறோம். எல்லாம் சரிதான். ஆனால், "ஊசி போட்டாச்சா? என்னைக்குப் போட்டே?" என்று கேட்கிறோமா?

எண்ணூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். மகன் மேற்கு ஆப்பிரிக்காவில் போய்க் கப்பல் ஏற வேண்டும். தாயார் நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார். புறப்பட 4 நாள் இருக்கும்போதுதான் ஓடிப்போய் ஊசி போட்டுக்கொண்டான். அட்டையும் கைக்கு வந்தது. ஆனால், ஊசி போட்டு 10 நாள் ஆகாததால் அந்த அட்டை செல்லவில்லை. கப்பல் அவனுக்காகக் காத்திருக்குமா? வேறு ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வீட்டில் வட்டிதான் ஏறியது. "ஒரு வாரம் முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா இப்படி ஆகியிருக்குமா சார்?" என்று அந்தத் தாய் கேட்டார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மஞ்சள் காய்ச்சல் என்றால் என்ன?

இது நாம் அறிந்த மஞ்சள் காமாலை அல்ல. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உள்ள ஒரு வைரஸ் காய்ச்சல். கொசுக்கடியால் பரவுகிறது. காய்ச்சல், உடம்புவலி, வாந்தி வரும். பெரும்பாலோருக்குச் சில நாளில் குணமாகிவிடும். சிலருக்கு மட்டும் நோய் முற்றிக் கண் மஞ்சளாகும். வாயிலும் மூக்கிலும் இரத்தம் கசியும். அப்படி முற்றியவர்களில் பாதிப் பேர் 7 முதல் 10 நாளுக்குள் இறந்துவிடுகிறார்கள். இந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. ஆனால், வராமல் தடுக்க நல்ல ஊசி உண்டு. 1937-ல் கண்டுபிடித்தார்கள். ஒரு தடவை போட்டால் போதும்.

"நம்ம நாட்டில் இல்லாத நோய்க்கு ஏன் இத்தனை கெடுபிடி?" என்று கேட்பீர்கள். நோய்தான் இங்கே இல்லை. அதைப் பரப்பும் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது. டெங்குவைப் பரப்புகிற அதே பகல் கொசுதான் அது. நோயோடு ஒருவர் வந்து இறங்கினால் போதும், மற்றதைக் கொசு பார்த்துக்கொள்ளும். இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2016-ல் அங்கோலா நாட்டில் இந்த நோய் பரவியபோது, அங்கிருந்து சீனாவுக்குத் திரும்பிய 11 பேருக்கு நோய் இருப்பது தெரிந்தது. ஆசியாவுக்குள் இந்நோய் வந்து சேர்ந்தது அதுவே முதல் தடவை. ஆகவேதான், நோயுள்ள நாட்டிலிருந்து அட்டை இல்லாமல் வருகிறவர்களை நம் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் 6 நாள் வரை தனியே வைக்கிறார்கள்.

கணக்கு இதுதான்

ஊசி போட்ட நாளை விட்டுவிட்டு 10 நாள் எண்ணுங்கள். பத்தாவது நாளிலிருந்துதான் அட்டை செல்லும். 1-ந் தேதி போட்டால் 11-ந் தேதி முதல் செல்லுபடி. அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும். முன்பு 10 ஆண்டு என்று இருந்தது. 2016 ஜூலை 11 முதல் ஆயுளுக்கும் என்று மாற்றிவிட்டார்கள். பழைய அட்டைக்கும் இது பொருந்தும். தொலைக்காமல் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

இந்த ஊசியை அரசு அனுமதித்த நிலையங்களில் மட்டுமே போட வேண்டும். சென்னையில் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும், கிண்டி கிங் நிலையத்திலும் போடுகிறார்கள். மருந்துக் குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அதனால் நாள் குறித்துத்தான் போடுவார்கள். முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, பாஸ்போர்ட்டுடன் போகச் சொல்லுங்கள். "ஊசியே வேண்டாம், அட்டை மட்டும் வாங்கித் தர்றேன்" என்று ஏஜெண்டு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொய் அட்டை கொசுவைத் தடுக்காது.

9 மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசி கூடாது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள், 60 வயது தாண்டியவர்கள் ஆகியோர் டாக்டரிடம் சொல்லிக் கேட்டுக்கொண்டே போட வேண்டும்.

மற்ற ஊசிகள்

புறப்படுவதற்கு ஒன்றரை மாதம் முன்பே டாக்டரைப் பார்க்கட்டும். ரண ஜன்னி, டைபாய்டு, கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ்-பி ஆகியவற்றுக்கு ஊசி உண்டு. ஹெபடைடிஸ்-பி ஊசியைச் சில மாத இடைவெளியில் 3 தடவை போட வேண்டும். ஆகவே வேலை தேடும்போதே ஆரம்பிப்பது நல்லது.

திரும்பி வந்தபின் காய்ச்சலா?

ஆப்பிரிக்காவிலுள்ள மலேரியா மூளையைத் தாக்கி ஆளையே கொல்லக்கூடியது. அங்கே போகிறவர்களுக்கு டாக்டர் மாத்திரை எழுதித் தருவார். ஊருக்கு வந்தபிறகும் சொன்ன நாள் வரை விழுங்க வேண்டும். "வீட்டுக்கு வந்துட்டேனே, இனி எதுக்கு?" என்று நிறுத்தக் கூடாது. மலேரியாக் கொசு இரவில் கடிப்பது. வலைக்குள் படுக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், கப்பலிலிருந்து வந்த பிள்ளைக்குப் பத்தாம் நாள் காய்ச்சல் கண்டது. "உப்புக்காத்துல திரிஞ்சான், அதான்" என்று கஷாயம் கொடுத்து 2 நாள் கடத்தினார்கள். மருமகள்தான், "அவர் ஆப்பிரிக்காவுக்குப் போய் வந்திருக்கார்" என்று டாக்டரிடம் எடுத்துச் சொன்னாள். உடனே இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், மலேரியா. பிள்ளை பிழைத்தான். ஊர் திரும்பி 3 மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்த நாட்டுக்குப் போய் வந்தார் என்பதை முதலில் சொல்லுங்கள். மூன்று மாதம் தாண்டி வந்த காய்ச்சலானாலும் சொல்லத் தவறாதீர்கள்.

கணவன் மனைவி பேச வேண்டிய ஒன்று

எச்.ஐ.வி. கிருமிக்கு ஊசி கிடையாது. இந்தியாவில் அதை முதன்முதல் கண்டறிந்தது 1986-ல், நம் சென்னையில்தான். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து இருப்பவர் ஒழுக்கத்தோடு இருப்பதே பாதுகாப்பு. தவறு நேரக்கூடிய இடத்தில் ஆணுறை அவசியம். மனதில் சந்தேகம் இருந்தால் ஊர் திரும்பியதும் அரசு ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். இலவசம், விவரம் வெளியே போகாது. முடிவு தெரியும்வரை ஆணுறை உபயோகிக்க வேண்டும். இதைப் பேசுவதில் வெட்கமில்லை; பேசாமல் இருந்து மனைவிக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் நோயைக் கொடுப்பதுதான் கேடு.

நினைவில் வையுங்கள்

* ஒன்றரை மாதம் முன்பு டாக்டர்.
* பத்து நாள் முன்பு மஞ்சள் காய்ச்சல் ஊசி. அதற்கும் முன்பே போட்டால் இன்னும் நல்லது.
* பாஸ்போர்ட்டோடு அட்டை.
* காய்ச்சல் வந்தால், போய் வந்த நாட்டின் பெயர்.

பிள்ளை சம்பாதித்து அனுப்பும் பணம் வீட்டுக்கு வேண்டும்தான். அதைவிட, போன பிள்ளை நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும். நாளை எண்ணி ஊசி போடுவோம், வருமுன் காப்போம்!