தேதி கேட்கும் படிவம் எழுதப்போகும் தம்பி தங்கச்சிகளுக்கு

1. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் என்று அறிவித்தது 08/01/2019. மாவட்டம் தொடங்கியது 26/11/2019. மாதத்தை முதலில் படிக்கும் அமெரிக்கப் பழக்கமுள்ள நிரலிடம் இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். 26-வது மாதம் ஏது என்று பின்னதைத் திருப்பி அனுப்பும். முன்னதை ஆகஸ்ட் 1 என்று சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். பைத்தானின் ‘டேட்யூட்டில்’ இன்னும் ஒரு படி மேல்: நாமாக எதுவும் சொல்லாவிட்டால் 08/01-இல் மாதத்தை முதலிலும், 26/11-இல் நாளை முதலிலும் எடுத்துக்கொள்ளும், அதுவும் ஒரே பட்டியலில்! அடம்பிடிக்கும் தேதியால் ஆபத்தில்லை. பேசாமல் உள்ளே போவதைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஆண்டுக்கு 132 நாட்கள் இப்படி இரண்டு விதமாகவும் படிக்கக்கூடியவை. 5/5 போட்டுச் சோதித்துவிட்டு ‘ஓடுது சார்’ என்று வந்து நிற்காதீர்கள்.

2. வாசலிலேயே 2019-11-26 என்று மாற்றிவிடுங்கள். ஐஎஸ்ஓ 8601 என்று 1988-லேயே வகுத்த முறை இது. டேட்டாபேஸ், ஏபிஐ எல்லாவற்றிலும் இதுவே இருக்கட்டும். திரையில் மட்டும் நம் வழக்கப்படி 26-11-2019.

3. ஜாவாஸ்கிரிப்டில் ஜனவரி 0, நவம்பர் 10. கோபப்பட்டுப் பயனில்லை.

4. பிறந்த தேதிக்கு மணி நிமிடம் ஒட்டாதீர்கள். நம் ஊர் நள்ளிரவு 12 மணி, யுடிசி கணக்கில் முந்தைய நாள் மாலை 6:30. அதில் தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் பிள்ளை ஒரு நாள் முன்பே பிறந்துவிடும். பணம் கட்டிய நேரம் போன்றவற்றை யுடிசியில் வைத்து, ‘ஏசியா/கொல்கத்தா’ என்ற மண்டலப் பெயரைக் கொண்டு காட்டுங்கள். ஐந்தரை மணியைக் கையால் கூட்டும் பழக்கம் வேண்டாம். இலங்கையும் இன்று நம் நேரம்தான், ஆனால் 2006 ஏப்ரல் நடுப்பகுதி வரை அங்கே யுடிசியோடு ஆறு மணி வித்தியாசம்.

5. கல்வராயன் மலைக்குப் போனால், பிறந்த ஆண்டு மட்டுமே தெரிந்த பெரியவர்கள் வருவார்கள். சில ஆதார் அட்டைகளிலும் ஆண்டு மட்டும்தான் இருக்கும். முழுத் தேதி இல்லாமல் நகராத படிவம் வைத்தால், அவசரத்துக்கு யாரோ 01/01 என்று தட்டிவிடுவார்கள். பிறகு எது நிஜம், எது நிரப்பியது என்று பிரிக்கவே முடியாது. ‘ஆண்டு மட்டும் தெரியும்’ என்று ஒரு வழி விடுங்கள். ஆண்டை நான்கு இலக்கமாகக் கேளுங்கள். பைத்தானிடம் வெறும் 52 என்றால் அது 2052. முதியோர் உதவித்தொகை கேட்டு வந்தவர் இன்னும் பிறக்கவே இல்லை என்று ஆகும்.

6. கிராமக் கணக்கில் பசலி 1429 என்று இருந்தால் அது 2019 ஜூலை 1 முதல் 2020 ஜூன் 30 வரை. சர்க்கரை ஆலையின் அரவைப் பருவமும் இரண்டு ஆண்டுகளில் கால் வைத்தது. இவற்றைத் தேதிப் பெட்டிக்குள் திணிக்காமல் தொடக்கம், முடிவு என்று இரண்டாக வையுங்கள்.

7. பழைய எக்செல் கோப்பைத் திருத்தும்போது, வந்த எழுத்தை அப்படியே தனிப் பத்தியில் விட்டுவையுங்கள். எந்த அலுவலகத்துக் கோப்பு என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். 08/01 என்ன மாதம் என்று நாளை சந்தேகம் வந்தால், போன் போட்டுக் கேட்க ஓர் ஆள் வேண்டுமே.